சாம்பலில் சுட்ட பூண்டு

ஏற்காட்டில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டு விறகடுப்பு பகலில் அணைவதே இல்லை. சமையல் முடிந்ததும் அம்மா தணலை ஒதுக்கிவிட்டு, சூடான சாம்பலுக்குள் இரண்டு முழுப் பூண்டைப் புதைத்து வைப்பார். கொஞ்ச நேரத்தில் மேல்தோல் கருகும். உள்ளே பல் வெண்ணெய்போல் குழைந்திருக்கும். அதை நசுக்கி ரசத்தில் போடுவார். இல்லாவிட்டால் வரமிளகாய், புளி, உப்பு சேர்த்து அம்மியில் துவையல் அரைப்பார். கேழ்வரகுக் களிக்கு அந்தத் துவையலே போதும்.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த காப்பி இந்த மலையையே மாற்றியது. ஆனால் எங்கள் வீட்டுப் பூண்டு செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்ததுதான்.

பூண்டின் பெருமை பழையது. 1890-இல் மத்திய ஆசியாவின் குச்சாவில் ஹாமில்டன் பவர் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய சுவடி ஒன்றை வாங்கினார். சுமார் 1,500 ஆண்டுப் பழமையான அந்த சமஸ்கிருத மருத்துவ நூல் தொடங்குவதே பூண்டின் புகழோடுதான்.

பச்சையாகக் கடித்தால் கண்ணீர் வரவைக்கும் பூண்டு, சுட்டால் இனிப்பது ஏன்? 1944-இல் அமெரிக்க வேதியியலாளர் செஸ்டர் காவலிட்டோ, நசுக்கிய பூண்டிலிருந்து அல்லிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். காரமும் நெடியும் அதனுடையவை. முழுப் பல்லில் அது இருப்பதில்லை. நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. நசுக்காமல் சுட்டால் அந்த நொதி சூட்டில் செத்துவிடும். அதனால்தான் அம்மா தோலைக்கூட உரிக்காமல் புதைத்தார்.

2007-இல் அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கிய பின் விறகடுப்புகள் குறைந்தன, சாம்பலும் போயிற்று. பரவாயில்லை. தோலோடு பற்களை இரும்புத் தோசைக்கல்லில் போட்டு, மூடி, சிறுதீயில் திருப்பிவிட்டால் கிட்டத்தட்ட அதே ருசி வரும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்ற மாதம் உறவுக்காரப் பெண் ஒருத்தி, சுட்ட பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து ஒரு பாட்டில் கொடுத்தாள். "மாமா, வெளியிலேயே வைக்கலாம், ரெண்டு மாசம் தாங்கும்" என்றாள். அவள் மனம் கோணாமல் காரணத்தைச் சொல்லிக் கொட்டிவிட்டேன்.

1985-இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் ஊறிய பூண்டைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் பரிமாறியதால் 36 பேர் பாட்டுலிசம் என்ற கொடிய நோயில் விழுந்தார்கள். மண்ணிலிருந்து பூண்டோடு வரும் கிருமி, காற்றுப் புகாத எண்ணெய்க்குள் நஞ்சைச் சுரக்கும். மணம் மாறாது, நிறமும் மாறாது. சுட்டாலும் அந்தக் கிருமியின் வித்து சாகாது. ஊறுகாயில் புளிப்பும் உப்பும் அதை அடக்கிவிடுகின்றன. வெறும் எண்ணெய்க்கு அந்தச் சக்தி இல்லை.

எண்ணெயில் போட்டால் குளிர்ப்பெட்டியில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அம்மா அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும்தான் சுட்டார். மிச்சம் வைக்கும் அளவுக்கு எங்கள் வீட்டில் பூண்டும் இருந்ததில்லை, நாங்களும் விட்டதில்லை.