உப்பின் மேல் ஒரு எண்

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் வழியில் அகஸ்தியம்பள்ளி வந்ததும் உப்பளங்கள் கண்ணில் படும். 1930 ஏப்ரல் 13 அன்று சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து கிளம்பிய ராஜாஜி, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 30 அன்று இங்கேதான் உப்பு அள்ளிக் கைதானார். பள்ளியில் எல்லோரும் படித்த கதை. ஆனால் அவர்கள் மீறிய சட்டம் எப்படிக் கட்டப்பட்டது என்பது, நிரல் எழுத வந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வரி விகிதத்தை ஜாவா நிரலுக்குள்ளேயே மாறிலியாக எழுதி வைத்திருந்தேன். விகிதம் மாறியது. அந்த ஒரு கிளாஸை மட்டும் திருத்தி, கம்பைல் செய்து ஏற்றினேன். பில்லில் பழைய தொகையே வந்தது. 'ஸ்டாட்டிக் ஃபைனல்' என்று நேரடியாக எழுதிய எண்ணை, அதைப் பயன்படுத்தும் மற்ற கிளாஸ்களுக்குள்ளும் கம்பைலர் நகலெடுத்து வைத்துவிடும் என்று விடிய விடிய உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். "மாறுற எண்ணை ஏம்ப்பா உள்ளே வெச்சே? வெளியே ஒரு பிராப்பர்ட்டீஸ் ஃபைல்ல போடு, புரோகிராம் தொடங்கும்போது படிச்சுக்கட்டும்" என்றார் சீனியர் ஒருவர்.

பிரிட்டிஷ் அரசு இதை 1882-லேயே செய்திருந்தது. அந்த ஆண்டின் இந்திய உப்புச் சட்டம் வரி இவ்வளவு என்று சொல்லவில்லை. மணங்குக்கு (சுமார் 37 கிலோ) 3 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பை மட்டும் வைத்தது. எண்ணை விதி மூலம் நிர்ணயிக்கும் வேலையை கவர்னர் ஜெனரலின் ஆட்சிக்குழுவிடம் விட்டது. 1888-ல் இரண்டரை ரூபாய், 1903-ல் 2, 1907-ல் 1. சட்டம் அப்படியே இருந்தது, எண் மட்டும் ஏறி இறங்கியது.

வெளியே வைத்த எண்ணில் யார் கை வைக்கலாம்? 1923-ல் 1 ரூபாய் 4 அணாவாக இருந்த வரியை இரண்டு மடங்காக்கும் யோசனையை மத்திய சட்டசபை நிராகரித்தது. வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தில் சான்றளித்து அதை அமலாக்கினார். 2 ரூபாய் 8 அணா என்பது உச்சவரம்புக்குள்தானே! நிரலாக இருந்தால் சோதனை பாஸ். அடுத்த ஆண்டே எண் பழைய இடத்துக்குத் திரும்பியது.

அதே 1 ரூபாய் 4 அணா இருந்தபோதுதான் வேதாரண்யம் யாத்திரை நடந்தது. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள் என்று சொல்வார்கள். எண்ணைக் குறைக்கச் சொல்லி யாரும் நடக்கவில்லை.

1931-ல் காந்தி–இர்வின் ஒப்பந்தம் உப்பு விளையும் பகுதிக் கிராமத்தினர் சொந்த உபயோகத்துக்கு உப்பு எடுக்கலாம் என்று விலக்குத் தந்தது. வரி போகவில்லை. அது முழுதாக நீங்கியது 1947-ல்.

இப்போது ஒரு எண்ணை வெளியே எடுத்து வைக்கும்போது இரண்டு விஷயம் பார்க்கிறேன்: எந்த எல்லைக்குள் மாறலாம், யார் மாற்றலாம். இந்த எண் இருக்கத்தான் வேணுமா என்று எந்த ஃபைலும் கேட்காது. அதை அகஸ்தியம்பள்ளிவரை நடந்து வந்துதான் கேட்க வேண்டியிருந்தது.