ஓர் எண்ணின் வரலாறு

மன்னர்க்கும் போர்களுக்கும் மட்டுமன்றி எண்களுக்கும் வரலாறு உண்டு. 4,294,967,297 என்பது அத்தகையதோர் எண். ஏறக்குறைய 430 கோடியாகிய இவ்வெண், பெரியதொரு கணித மேதையின் நம்பிக்கையைப் பொய்யாக்கிய பெருமையுடையது.

பிரான்சு நாட்டின் துலூஸ் நகரிலே நீதிமன்ற உறுப்பினராய் விளங்கியவர் பியேர் தெ பேர்மா. ஓய்வு நேரங்களிற் கணிதம் பயின்ற அவர், எண்களின் வரிசையொன்றைக் கண்டார். மூன்றில் ஒன்றைக் கழித்து, எஞ்சியதை வர்க்கித்து, ஒன்றைக் கூட்டினால் 5 வரும். ஐந்தை அவ்வாறே செய்தால் 17, பின்னர் 257, அதன்பின் 65,537. இவ்வைந்தும் முதன்மை எண்கள். ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் முதன்மை எண்களே என்று பேர்மா 1640ஆம் ஆண்டில் நண்பர்க்கு எழுதினார். அதற்குத் தக்க நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

வரிசையில் ஆறாவதாக வருவதே நமது எண். அதனைச் சோதித்தல் எளிதன்று. அதன் வர்க்கமூலம் 65,536இற்குச் சற்றே மேற்பட்டது. அதற்குட்பட்ட முதன்மை எண்களோ 6,542. அத்தனையாலும் வகுத்துப் பார்க்க எவர்க்குப் பொறுமை உண்டு?

ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. 1729இல் கோல்ட்பாக் என்னும் அறிஞர், பேர்மாவின் கூற்றை இளைஞரான ஒயிலருக்குக் கடிதமூலம் நினைவூட்டினார். உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் கலைக்கழகத்திற் பணியாற்றிய ஒயிலர், 1732இல் விடையை வெளியிட்டார். அவ்வெண் 641ஆல் மீதியின்றி வகுபடும்; ஈவு 6,700,417. நேயர்கள் தாளும் பென்சிலும் கொண்டு இவ்விரண்டையும் பெருக்கித் தாமே சரிபார்க்கலாம்.

641 என்பது குருட்டு வாய்ப்பால் அகப்படவேண்டிய எண்ணன்று. இவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதுவாயினும், 64ஆல் வகுக்கும்போது மீதி ஒன்று வரவேண்டும் என்பதை ஒயிலர் பின்னர் எழுதிய கட்டுரையில் நிறுவினார். அத்தகைய முதன்மை எண்களை வரிசைப்படுத்தின் 193, 257, 449, 577, 641 என வரும். முதல் நான்கும் மீதி விடும், ஐந்தாவது விடாது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகள் ஐந்தாய்ச் சுருங்கிவிட்டன!

இதிலே வியப்பொன்று உளது. ஒரு முதன்மை எண்ணால் வகுபடாத எவ்வெண்ணையும், அம்முதன்மை எண்ணினும் ஒன்று குறைந்த வலுவுக்கு உயர்த்தி, அம்முதன்மை எண்ணாலேயே வகுத்தால் மீதி ஒன்றாகும். ஒயிலரின் வழிக்கு அடிப்படையான இத்தேற்றத்தை 1640இல் அறிவித்தவர் வேறு யாருமல்லர், பேர்மாவே! தமது கூற்றைத் தகர்க்கும் கருவி அவர் கையிலேயே இருந்தது.

எனினும் அவ்வரிசை பயனற்றுப் போகவில்லை. 1796இல் பதினெட்டு வயதினரான கவுஸ், கவராயமும் நேர்விளிம்பும் மட்டுங் கொண்டு 17 சமபக்கமுடைய ஒழுங்கான பல்கோணியை அமைக்கலாம் எனக் கண்டார். எப்பல்கோணிகளை அவ்வாறு அமைக்கலாம் என்பதை ஆராய்ந்தபோது, பேர்மாவின் முதன்மை எண்களே விடையின் திறவுகோலாயின.

65,537இற்குப் பின் இவ்வரிசையில் இன்னொரு முதன்மை எண் இன்றுவரை அகப்படவில்லை. இனி இல்லையென்று நிறுவியவரும் இலர். ஐந்து சான்றுகள் ஒத்துவரக் கண்டு பேர்மா ‘எல்லாம் உண்மை’ என்றார். அக்கூற்றுப் பொய்யாக ஆறாவது சான்று ஒன்றே போதுமாயிற்று. அறிஞர் எத்துணைப் பெரியவராயினும், கணிதம் அவர் பெயரை நோக்காது. அவர் காட்டும் நிறுவலையே நோக்கும்.