கணினி திணறுகிறதா? வாங்கும் முன் இதைச் செய்து பார்ப்போம்

வீட்டில் இருப்பது ஒரே கணினி. பின்னணியில் பெரிய வீடியோ ஒன்று வேறு வடிவத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் பாடம் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால், எழுத்து திரையில் வரத் தாமதமாகிறது. கணினி பழசாகிவிட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகைக் கணினிகளில் செலவில்லாத வழி ஒன்று உண்டு.

இவற்றில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் 'நைஸ்' எண் ஒன்று உண்டு. லினக்ஸில் இது -20 முதல் 19 வரை, வழக்கமாக 0. எண் கூடக் கூட, அந்த வேலை மற்ற வேலைகளுக்கு வழிவிடும்.

அவசரமில்லாத வேலையைத் தொடங்கும்போது, கட்டளைக்கு முன்னால் நைஸ் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்தால் அதன் எண் 10 ஆகிவிடும். ஏற்கெனவே ஓடும் வேலை என்றால், 'டாப்' பட்டியலில் அதன் அடையாள எண்ணைப் பார்த்து 'ரீநைஸ்' கட்டளை கொடுக்கலாம்.

நம் வேலைகளின் எண்ணை நாமே உயர்த்தலாம். குறைப்பதற்குப் பொதுவாக 'ரூட்' அனுமதி வேண்டும். எனவே அவசர வேலையை முன்னே தள்ளுவதைவிட, காத்திருக்கக்கூடியதைப் பின்னே நிறுத்துவதே எளிது. பிராசசர் சும்மா இருக்கும் நேரத்தில் அந்த வேலையும் முழு வேகத்தில் நடக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது பிராசசரின் நேரத்தை மட்டுமே பங்கிடும். நினைவகம் போதாமல் கணினி திணறினால், தேவையற்றவற்றை மூடுவதே வழி.