பாரடே ஆங்கிலம் கற்ற கதை

ஆங்கிலேயராகப் பிறந்தவருக்கு ஆங்கிலத்தில் எழுதத் தனியே பயிற்சி வேண்டியதில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பள்ளியில் தமிழிலேயே பயின்று, கல்லூரியில் முதன்முறையாக இயற்பியலை ஆங்கிலத்தில் எழுத நேரும் மாணவர்களிடம் இவ்வெண்ணம் ஆழப் பதிந்திருப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். மின்தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் பாரடேயின் இளமை வரலாறு இதற்கு மாறானது.

பாரடே 1791-ஆம் ஆண்டு ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுதப் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 1804-இல் லண்டனில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, மறு ஆண்டு முதல் புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைக் கற்றார். பைண்டுக்கு வந்த நூல்களையெல்லாம் படித்தார். படித்தது புரிந்தது, ஆனால் தாம் எழுதும்போது எழுத்துப்பிழையும் இலக்கணப்பிழையும் மலிந்திருந்தன. நிறுத்தக்குறிகளை எங்கே இடுவதென்றும் தெரியவில்லை. தம் குறையை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதே இக்கதையின் தொடக்கம்.

அறிவை வளர்த்துக்கொள்ளும் வழிகளைப் பற்றி ஐசக் வாட்ஸ் எழுதிய நூல் ஒன்று அக்காலத்தில் அவருக்குக் கிடைத்தது. குறிப்பெடுத்தல், நண்பர்களோடு கடிதத்தில் கருத்துப் பரிமாறுதல் போன்ற வழிகளை அது கூறியது. பாரடே அவற்றை அப்படியே கடைப்பிடித்தார். டேட்டம் என்பவர் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குச் சென்றபோது பெஞ்சமின் அபட் என்ற எழுத்தர் நண்பரானார். தம்மைவிட நல்ல கல்வி பெற்றவர் என்பதால் பாரடே அவரையே கடிதத் துணையாகத் தேர்ந்துகொண்டார்.

1812 ஜூலை 12-ஆம் நாள் எழுதிய முதற்கடிதத்தில், கருத்தைத் தெளிவாக எழுதிப் பழகுவதே கடிதத்தின் நோக்கம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறார். பிறகு தாமே செய்த மின்னடுக்கு ஒன்றை விவரிக்கிறார். அரைப் பென்னி அளவில் வெட்டிய ஏழு துத்தநாகத் தகடுகள், ஏழு செம்பு அரைப் பென்னி நாணயங்கள், இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதத் துண்டுகள். அதைக் கொண்டு மக்னீசியம் சல்பேட்டுக் கரைசலைப் பகுத்துப் பார்த்திருக்கிறார். வியப்புக்குறிகள் வரிசையாக நிற்கின்றன! எழுதப் பழகுவதற்கென்று வெற்றுப் பொருளைத் தேடாமல், தம் உள்ளம் நிறைந்திருந்த ஒன்றை எடுத்துக்கொண்டார். இலக்கணப் பயிற்சிப் புத்தகங்களில் வரும் உயிரற்ற வாக்கியங்களைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

1813 மார்ச்சில் டேவியின் உதவியாளராக ராயல் இன்ஸ்டிடியூஷனில் சேர்ந்தார். அந்த இளவேனிற் காலத்திலேயே எட்வர்டு மக்ராத் என்ற நண்பரோடு சேர்ந்து ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். ஏறக்குறைய ஆறு பேர். ராயல் இன்ஸ்டிடியூஷனின் மாடியிலிருந்த பாரடேயின் அறையிலோ, மக்ராத்தின் கிடங்கிலோ மாலையில் கூடுவார்கள். ஒருவர் படிக்க, மற்றவர்கள் உச்சரிப்பையும் வாக்கிய அமைப்பையும் திருத்துவார்கள். தாட்சணியம் பார்ப்பதில்லை, குற்றத்தை முகத்துக்கு நேரே சொல்வது வழக்கம். அதனாலேயே பெரும் பயன் விளைந்தது என்று பாரடே பின்னாளில் குறித்து வைத்தார். இதைத் தவிர, வாரந்தோறும் இரண்டு மணி நேரம் மக்ராத் அவருக்குத் தனியாகவும் திருத்தம் சொல்லி வந்தார். 1818-இல் நண்பர்கள் கட்டுரைகள் எழுதி, எழுதியவர் பெயரை வெளியிடாமல் தங்களுக்குள் படித்து விவாதிக்கும் வழக்கமும் ஏற்பட்டது.

நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது? ரெக்கார்டு நோட்டில் நான் சிவப்பு மையால் சுழிக்கிறேன்; மாணவர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நோட்டை மூடிவிடுகிறார். அதே தவறு அடுத்த பக்கத்திலும் வருகிறது. ஏன் தவறு என்று பக்கத்தில் உட்கார்ந்து பேச, மக்ராத்துக்குக் கிடைத்த இரண்டு மணி நேரம் எனக்குக் கிடைப்பதில்லை. ஆனால் மாணவர்கள் நான்கைந்து பேர் தங்களுக்குள் அதைச் செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.

புகழ் பெற்ற பின்னும் பாரடே திருத்தம் கேட்கும் வழக்கத்தை விடவில்லை. 1834-இல் மின்பகுப்புக்குப் புதிய சொற்கள் தேவைப்பட்டன. பாரடேக்குக் கிரேக்க மொழி தெரியாது. தாம் எண்ணியிருந்த சொற்களைக் கேம்பிரிட்ஜிலிருந்த வில்லியம் ஹியூவெல்லுக்கு எழுதி அனுப்பினார். அவை பொருத்தமில்லை என்று கருதிய ஹியூவெல், ஆனோடு, கதோடு என்ற சொற்களைத் தந்தார். கட்டுரை அச்சேறுமுன் பாரடே சொற்களை மாற்றிக்கொண்டார். மாற்றாதிருந்தால் நம் பாடநூல்களில் இன்று வேறு சொற்கள் இருந்திருக்கும்.

இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். பாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. காந்த விசைக்கோடுகளைப் பற்றித் தாம் கண்டதைச் சமன்பாடாக எழுத அவரால் இயலாது. அவரிடம் இருந்தது சொற்களே. அச்சொற்கள் தெளிவாக இருந்தமையால்தான் மேக்ஸ்வெல் அவற்றைப் படித்துக் கணிதமாக மாற்ற முடிந்தது. 1857-இல் 66 வயதான பாரடே, 26 வயது இளைஞரான மேக்ஸ்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணித அறிஞர்கள் தாம் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா, அப்படிச் சொன்னால் எம்மைப் போன்றோர் அவற்றைச் சோதனை செய்து பார்க்கலாமே என்று அதில் கேட்டிருந்தார்.