அம்மாவிடம் சொன்னால் போதுமா? அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான மரபணு ஆலோசனை

1. பொருள்

மரபணு ஆலோசனை என்றதும் சென்னைவாசிக்கு நினைவு வருவது கர்ப்பிணியும் ஸ்கேன் அறையும்தான். மயிலாப்பூர் நடேசன் சாலையிலுள்ள மெடிஸ்கேன் கருவின் நலத்தைக் கவனிக்கும் மையம். தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் அறிவுசார் குறைபாடுள்ள சிறு குழந்தைகளுக்கு ஆரம்பநிலைப் பயிற்சி தருகிறது. அடையாற்றை ஒட்டிய கோட்டூர்புரத்தில் இயங்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் 1985இல் பிறந்தது. அந்தக் காலத்துக் குழந்தைகள் இன்று முப்பதையும் நாற்பதையும் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய மரபணு பற்றிய செய்தியை முதலில் கேட்க உரிமையுள்ளவர் யார்? அவர்களேதான் என்பது என் துணிபு.

2. மூடிவைத்த கோப்பு

எண்பதுகளில் பிறந்த பலரின் மருத்துவக் கோப்பில் ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. டவுன் நோய்க்குறிக்குக் காரணம் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே என்று 1959இலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அறிவுசார் குறைபாடு தரும் ஃப்ரஜைல் எக்ஸ் நோய்க்குறிக்குக் காரணமான மரபணு 1991இல்தான் கண்டறியப்பட்டது. அதற்குமுன் பார்த்த மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு யாரும் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை என்பதே குறை.

பெயர் தெரிந்தால் கவனிப்பும் மாறும். டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு அடிக்கடி வரும். நாற்பதைத் தாண்டினால் அல்சைமர் மறதி வரக்கூடும். வீட்டில் அதைப் ‘பிடிவாதம்’ என்பார்கள்.

3. ஒரு குடும்பம், மூன்று மருத்துவர்கள்

ஃப்ரஜைல் எக்ஸைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வரும். இது 200 முறைக்கு மேல் போனால் அந்த மரபணு ஓய்ந்துவிடுகிறது. 55 முதல் 200 வரை இருப்பவர்கள் நோயாளிகளாகத் தெரிவதில்லை. ஆனால் அவர்களில் சில ஆண்களுக்கு அறுபதுக்கு மேல் கைநடுக்கமும் நடைத் தடுமாற்றமும் வரும். சில பெண்களுக்கு நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிடும். இப்படிப்பட்ட தாத்தா அந்த மரபணுவைத் தம் மகள்கள் எல்லாருக்கும் தருகிறார், மகன்களுக்குத் தருவதில்லை. மகளிடமிருந்து அது பேரனுக்குப் போகும்போதுதான் நீண்டு, 200ஐத் தாண்டிவிடக்கூடும்.

ஆகவே தாத்தா நரம்பு மருத்துவரிடமும் அம்மா மகப்பேறு மருத்துவரிடமும் பேரன் மனநல மருத்துவரிடமும் தனித்தனியாகப் போய்வருவார்கள். மூவரையும் ஒரே தாளில் கோடு போட்டு இணைப்பதுதான் மரபணு ஆலோசகரின் முதல் வேலை.

4. சொந்தமும் பழியும்

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டுத் திருமணங்களில் ஏறத்தாழ 28 விழுக்காடு சொந்தத்துக்குள் நடந்தவை. தாய்மாமனை மணந்தவரின் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பதினாறில் ஒன்று. இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் ஒடுங்குமரபு நோய்கள் இப்படி வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது.

ஆனால் டவுன் நோய்க்குறிக்கும் ஃப்ரஜைல் எக்ஸுக்கும் சொந்தத்தில் கட்டியது காரணமல்ல. இது தெரியாமல் நாற்பது ஆண்டுகளாகப் பழி சுமக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அந்தச் சுமையை இறக்கிவைப்பதும் சிகிச்சைதான். தங்கையின் கல்யாணப் பேச்சு எழும்போது அண்ணனை உள்ளறையில் உட்காரவைக்கும் வீடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டவுன் நோய்க்குறி உள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு அது குடும்ப வழி வந்ததல்ல. குரோமோசோம் இடம்மாறிய சிலரின் குடும்பத்தில் மட்டுமே மற்றவர்களுக்கும் பரிசோதனை தேவைப்படலாம்.

5. சட்டம்

முடிவு அவர்களுடையதே என்பதைச் சட்டமும் ஏற்கிறது. சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் வாழ்ந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண் ஒருவர் பாலியல் வன்முறையால் கருவுற்றார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவரோ குழந்தை வேண்டும் என்றார். 2009இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மனநோயும் அறிவுசார் குறைபாடும் வேறு வேறு, அவருடைய சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல் அவர்களுக்குக் கிடைக்க வழிசெய்கிறது. சம்மதமின்றி மலடாக்கும் மருத்துவத்தையும் தடுக்கிறது.

6. முறை

நடைமுறையில் நாற்பது வயதுக்காரரை எதிரில் வைத்துக்கொண்டு, ‘பையன் நல்லா சாப்பிடுறானாம்மா?’ என்று தாயிடம் கேட்கிறோம். ‘நீங்க நல்லா சாப்பிடுறீங்களா?’ என்று அவரையே கேட்பதில் தொடங்க வேண்டும். யாரைக் கூட்டி வர விருப்பம் என்பதையும் அவரே சொல்லட்டும். ஒரே சந்திப்பில் முடிக்கக் கூடாது. குரோமோசோமைப் பாசிமணிகளால் காட்டலாம். ‘இங்கே ஒரு மணி கூடுதல்’ என்றால் புரியும். புரிந்ததை அவர் வாயாலேயே சொல்லச் செய்ய வேண்டும். இரத்தம் எடுக்க வேண்டாம் என்றால் அன்று எடுக்கக் கூடாது.

‘எனக்குக் கல்யாணம் ஆகுமா? குழந்தை பிறக்குமா?’ என்று அவர் கேட்கலாம். பேச்சை மாற்றக் கூடாது. டவுன் நோய்க்குறி உள்ள பெண்கள் கருத்தரிக்க முடியும். ஆண்கள் தந்தையாவது அரிது. இதை மறைக்காமல், கனிவோடு சொல்ல வேண்டும்.

பெற்றோரே, அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மருத்துவருக்கு எதிரே உள்ள நாற்காலியில் உங்கள் மகனை, மகளை உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் அமருங்கள்.