மலையிடம் சொல்லாத நோவு

திருச்செங்கோட்டு மலையின் உச்சியில், கீழே நோக்கினால் தலை சுற்றும் விளிம்பொன்றில், வறடிக்கல் என்று ஒரு பாறை நிற்கிறது; பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்கள், கால் இடறினால் உயிரே போகும் என்று அறிந்தும், அதைச் சுற்றிவந்து வரம் வேண்டுவது இவ்வூரில் நெடுநாளாக வந்த வழக்கம். வயிறு வாய்க்கவில்லையே என்ற துயரத்தை இவ்வாறு ஊரறிய, ஆகாயமறிய எடுத்துரைத்த அதே ஸ்திரீகள், வேண்டிய கர்ப்பம் கிடைத்த பின் ஏழாம் எட்டாம் மாதங்களில் தங்களை வாட்டிய ஒரு வியாதியை மாத்திரம் மலைக்கும் சொன்னதில்லை, மணாளனுக்கும் சொன்னதில்லை. கர்ப்ப காலத்து மூலநோயைத்தான் சொல்கிறேன்.

நோய்க்காகப் பாடுவது இத்தலத்துக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூர் என்ற பழம்பெயர் கொண்ட இவ்வூருக்கு எழுந்தருளியபோது, உடன்வந்த அடியார்களைப் பனிச்சுரம் பற்ற, அது நீங்கும்பொருட்டு அவர் பாடியதே திருநீலகண்டப் பதிகம் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. சுரத்துக்குப் பதிகம் கிடைத்தது. தன் மேனியில் பாதியையே பெண்ணுக்கு ஈந்த கடவுள் குடியிருக்கும் மலையடியில், பெண்ணின் இந்த நோவுக்கு ஒரு நேர்த்திக்கடன்கூட ஏற்பட்டதாகக் காணோம்.

நூல்களிலோ இந்நோய்க்குக் குறைவில்லை. பகைவனைப்போல் உயிரை வருத்துவதால் இதற்கு அர்சஸ் என்று பெயர் வந்ததென்பர் வடமொழி ஆயுர்வேதிகள். சித்த வைத்தியர்கள் இதை இருபத்தொரு வகையாகப் பகுத்து மூலம் என்றார்கள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. குண்டலினி என்னும் பாம்பு சுருண்டு உறங்கும் மூலாதாரமாக யோகிகள் போற்றும் ஸ்தானமும் இந்நோய் பிறக்கும் ஸ்தானமும் ஒன்றே. நாககிரி என்று பெயர் பெற்று, படிவழியில் பாறையிலேயே செதுக்கிய பெரும்பாம்புக்குக் குங்குமம் தூவி மக்கள் வணங்கும் இம்மலையில் நின்று இதை எண்ணும்போது எனக்குச் சிறிது சிரிப்பும் வருகிறது. மருந்து, க்ஷாரம், அக்கினி, சஸ்திரம் என்று சுசுருதர் நான்கு சிகிச்சைகளை வகுத்தார். ஆனால் க்ஷாரமும் நெருப்பும் கத்தியும் கர்ப்பிணியை அணுகலாகாது, கடும்பேதியும் கூடாது. எனவே இருபத்தொரு வகையும் நான்கு சிகிச்சையும் அறிந்த வைத்தியனுக்கு, அவள் விஷயத்தில் கைகட்டி நிற்பதைத் தவிர அதிகம் செய்ய வழியில்லை.

அவளுக்கு இருந்த ஒரே துணை மருத்துவச்சி. கொங்கு நாட்டில் கலியாணப் பந்தலில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமை நாவிதராகிய குடிமகனுடையது. அவ்வீட்டில் பின்னர்ப் பிள்ளை பிறக்கும்போது அறைக்குள் செல்லும் உரிமை அவர் குலத்துப் பெண்ணுடையது. மணமேடையில் வாழ்த்துவதற்கு ஆணும், இருட்டறையில் நோவு கேட்பதற்குப் பெண்ணுமாக ஒரே குடும்பம் ஊரின் இன்பதுன்பங்களைப் பங்கிட்டுக்கொண்டது. மாமியாரிடம் கூறக் கூசியதை மருமகள் மருத்துவச்சியின் காதில் சொல்வாள். துத்தியிலையை விளக்கெண்ணெயில் வதக்கி இளஞ்சூட்டில் வைத்துக் கட்டுவதும், மோரும் கீரையும் சேர்க்கச் சொல்வதும், ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதும் அக்காலத்துப் பக்குவங்கள். ஒருக்களித்துப் படுப்பதன் காரணத்தை இன்றைய சாஸ்திரம் விளக்குகிறது: கனத்த கருப்பை இடுப்பின் பெருஞ்சிரைகளை அழுத்துகிறது; கர்ப்பத்தைக் காக்கச் சுரக்கும் புரோஜெஸ்ட்ரான் சிரைச்சுவர்களைத் தளர்த்திக் குடலையும் மந்தப்படுத்துகிறது; மலம் இறுக, முக்க முக்க, குருதி தேங்கிய சிரைகள் புடைக்கின்றன. பிள்ளை பிறந்தபின் பெரும்பாலும் தானே வடிந்துவிடும் என்பதால், பொறுத்துக்கொள் என்பதே பல தலைமுறைகளுக்குப் பிரதான ஔஷதமாக இருந்துவிட்டது.

உணவிலும் ஒரு விபரீதம் நேர்ந்தது. கம்பங்களியும் சோளச்சோறும் ஆரியம் என்னும் கேழ்வரகின் கூழும் உண்ட நாளில் இச்சீமைப் பெண்களின் குடலுக்கு நார் குறைந்ததில்லை. நெல்லுச்சோறு விசேஷ தினங்களுக்கு உரியது. கர்ப்பிணிக்குப் பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவந்து அவளை அழைத்துச் செல்லும் சீரும் அத்தகைய விசேஷமே. ஆலை அரிசி தினசரி உணவானபின் விசேஷமும் போயிற்று, நாரும் போயிற்று.

லஜ்ஜை நம்மவருக்கே உரியது என்று எண்ண வேண்டியதில்லை. லண்டன் மாநகரிலேயே, 1835-ஆம் ஆண்டில் பிரெடரிக் சால்மன் என்ற சஸ்திர வைத்தியர் இத்தகைய நோய்களால் வருந்தும் ஏழைகளுக்கென்று ஏழே படுக்கைகளுடன் தனி ஆஸ்பத்திரி திறக்க வேண்டியிருந்தது. அதுவே பின்னர் செயின்ட் மார்க்ஸ் என்று புகழ் பெற்றது. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவி, வறட்சியில் வாடிய கிராமத்துப் பெண்களுக்கு ராட்டினத்தால் கூலி கிடைக்கச் செய்தபோது, அங்கே சிறு வைத்தியசாலை ஒன்றும் நடந்தது. ஆயினும் புண்ணுக்கும் சுரத்துக்கும் வைத்தியசாலைப் படியேறுவது எளிது. மூலத்துக்காக ஓர் ஆண்மகன் முன் வாய் திறப்பது வறடிக்கல்லைச் சுற்றுவதினும் கடினம்.

அந்த நாணம் இன்றும் தீரவில்லை. கர்ப்பிணிகளின் இரத்தசோகையைத் தடுக்க 1970-இல் தேசத் திட்டமாக வந்த இரும்புச்சத்து மாத்திரை எத்தனையோ தாய்மாரைக் காத்தது. அதுவே மலத்தையும் கட்டியது. பலர் காரணத்தைச் சொல்ல நாணி, செவிலியரிடம் தலையாட்டிவிட்டு, மாத்திரையை விழுங்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கருணைக்கிழங்கு வகைக்கு வடமொழியில் அர்சோக்னம், அதாவது மூலத்தைக் கொல்வது, என்றே ஒரு பெயர் உண்டு. கிழங்குகளில் கருணையைத் தவிர வேறொன்றும் உண்ணலாகாது என்பது சித்தர் தேரையர் விதி. இதனால் சந்தையில் ஒரு மௌன பாஷை உண்டாயிற்று. காறல் போகப் புளிவிட்டு வேகவைக்க வேண்டிய இந்தக் கிழங்கை, விருந்தில்லாத நாளில், துத்தியிலையோடு சேர்த்து ஒருத்தி கேட்டால், கிழங்கு விற்பவள் வீட்டில் யாருக்கு என்று கேட்பதில்லை. எத்தனையாம் மாதம் என்றுதான் கேட்பாள்.