அம்புமுனையும் ஓர் இளவரசரும்

நெடுங்காலம் போர்ச்செய்திகளை எழுதியவன் நான். ஆயுதத்தின் வடிவமே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடும் என்பதை அறிவேன்.

மத்தியகால இங்கிலாந்தின் அம்புமுனைகளும் அவ்வாறே. அகன்று, பின்நோக்கிய கொளுக்கிகள் உடையது வேட்டைக்கானது. மானின் உடலில் தங்கிக் குருதியைப் பெருகச் செய்யும். ஒடுங்கி ஊசிபோல் நீண்டது போருக்கானது. கவசத்தின் இரும்பு வளையங்களைப் பிளந்து உட்புகும்.

1403 இல் ஷ்ரூஸ்பரிப் போரில் இளவரசர் ஹென்றியின் முகத்தில் அம்பொன்று பாய்ந்தது. தண்டு வெளிவந்தது, முனையோ 6 அங்குல ஆழத்தில் எலும்பில் தங்கிவிட்டது. ஜோன் பிராட்மோர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் அதற்கெனவே ஒரு குறடு செய்வித்து முனையை வெளியே எடுத்தார்.

உயிர்தப்பியவர் ஐந்தாம் ஹென்றி மன்னரானார். 1415 இல் அஜின்கோர்ட்டில் அவருடைய வில்லாளர்கள் பிரெஞ்சுப் படைமீது அம்புமாரி பொழிந்தனர்.

அம்பின் வலியை அறிந்தவரும் அம்பைக் கைவிடவில்லை. போர்கள் ஓயாததன் காரணம் இதுதானோ என நான் எண்ணுவதுண்டு.